மணற்சாக்கு இல்லை, சாக்குப்போக்கு உண்டு!

(பருவமழைக்கு முன்னர் திண்டிவனத்தில் நடைபெற்ற ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

ஐப்பசி வரப்போகிறது. மற்ற மாவட்டங்களில் ஐப்பசி என்றால் அடைமழை. விதைத்தவன் மகிழும் காலம். நம் மாவட்டத்திலோ, வானம் கறுத்தால் வயிறு கலங்குகிறது. மயிலம் பக்கத்துத் தாய் ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "மழை சத்தம் கேட்டா இப்பவும் தூக்கம் வர்றதில்லீங்க. பொட்டியத் தூக்கிப் பரண்மேல வச்சிட்டுத்தான் படுக்கறேன்." 2024 ஆம் ஆண்டின் ஃபெங்கல் புயல் அந்தத் தாய்க்குக் கொடுத்துவிட்டுப் போன சொத்து அந்த அச்சம் ஒன்றுதான்.

அந்த நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆயினும் சொல்கிறேன், ஏனெனில், மறந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் பலருடைய பதவி நடக்கிறது. நவம்பர் 30, சனிக்கிழமை இரவு, புதுச்சேரிக்கு அருகே புயல் கரை கடந்தது. கடந்த புயல் நகரவில்லை. அழையா விருந்தாளி திண்ணையிலேயே படுத்துக்கொண்டதுபோல் அங்கேயே கிடந்து கொட்டித் தீர்த்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கணக்கெடுத்தபோது, 24 மணி நேரத்தில் மயிலத்தில் 51 செண்டிமீட்டர். புதுச்சேரியில் 49 செண்டிமீட்டர். இந்தத் திண்டிவனத்தில் 37 செண்டிமீட்டர். மயிலத்து மக்கள் ஓராண்டில் காணும் மழையில் ஏறத்தாழப் பாதியை ஒரே நாளில் கண்டார்கள்.

"இப்படிப் பெய்தால் எந்த சர்க்கார்தான் என்ன செய்ய முடியும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நான் அதை ஒதுக்கித் தள்ளமாட்டேன். மழையை நிறுத்தச் சொல்லி எந்த அமைச்சரையும் நாம் கேட்கவில்லை. வானத்துக்குப் பூட்டுப் போட எவராலும் இயலாது. ஆனால், தோழர்களே, வானம் செய்தது எவ்வளவு, கோட்டை செய்யாமல் விட்டது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டு. அந்தக் கணக்கைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

"எதிர்பாராத மழை" என்றார்கள். எதிர்பாராததா? காரைக்காலுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே, புதுச்சேரியை ஒட்டிப் புயல் கரையேறும் என்று வானிலைத் துறை முன்கூட்டியே அறிவித்தது. நிலப்படத்தை விரித்துப் பாருங்கள். அந்தக் கோட்டின் நடுவில் இருப்பது எது? நம் மரக்காணம்! உப்பளத்தில் கால் வெடித்து உழைக்கும் மக்கள் வாழும் மரக்காணம்! நம் மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கையும் கொடுக்கப்பட்டிருந்தது. சிவப்பு என்றால் 20 செண்டிமீட்டருக்கு மேல் பெய்யக்கூடும் என்று பொருள். ஐம்பது பெய்யும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை என்பது உண்மை. இருபதுக்கு என்ன ஆயத்தம் செய்தீர்கள் என்று கேட்டால், அதற்கு விடை இல்லையே! சென்னை தப்பிற்று என்று தலைநகரம் நிம்மதிப் பெருமூச்சு விட்ட அந்த ஞாயிற்றுக்கிழமையில், விழுப்புரம் மாவட்டம் மூழ்கிக்கொண்டிருந்தது.

ஏரிக்கரையில் மண் சரிகிறது என்று கண்ட பெரியவர் ஒருவர், மணற்சாக்கு கேட்டு அலைந்த கதையை என்னிடம் சொன்னார். ஓர் அலுவலகத்தில், "அந்த ஏரி எங்கள் பொறுப்பில் இல்லை" என்றார்களாம். இன்னோர் அலுவலகத்தில், "மேலிடத்து உத்தரவு வரட்டும்" என்றார்களாம். மூன்றாவது இடம் பூட்டியிருந்ததாம். சொல்லிவிட்டுப் பெரியவர் சிரித்தார். "மணற்சாக்கு கேட்டுப் போனேன், மூணு சாக்கு கொடுத்தாங்க" என்றார். நான் அறிந்த மேடைப் பேச்சாளர் எவரும் இவ்வளவு சுருக்கமாக ஓர் ஆட்சியை விமரிசித்ததில்லை.

இனித் தென்பெண்ணைக்கு வருகிறேன். திண்டிவனத்தில் நின்றுகொண்டு தென்பெண்ணையைப் பேசுவானேன் என்று நினைக்காதீர்கள். நமக்குச் சங்கராபரணியும் வீடூர் அணையும் எப்படியோ, விழுப்புரத்துக்கும் திருவெண்ணெய்நல்லூருக்கும் தென்பெண்ணை அப்படி. கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்து, கிருஷ்ணகிரியும் திருவண்ணாமலையும் தாண்டி, நம் மாவட்டத்தில் நுழைந்து, கடலூரில் கடலைச் சேர்கிறது. வழியில் சாத்தனூர் அணை. 1958 ஆம் ஆண்டு, காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் எழுந்த அணை. உயரம் 119 அடி.

ஞாயிற்றுக்கிழமை புயல் மேற்கே நகர்ந்தது. ஊத்தங்கரையில் மறுநாள் காலை வரை 50 செண்டிமீட்டர். அந்தத் தண்ணீரெல்லாம் பாம்பாற்றில் இறங்கித் தென்பெண்ணையில் கலந்து சாத்தனூருக்குத்தான் வரவேண்டும். வேறு வழி அதற்குக் கிடையாது. வந்தது. திங்கட்கிழமை, டிசம்பர் 2, விடிவதற்கு வெகுநேரம் முன்பே, வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்டது.

பொழுது விடிந்தபோது என்ன கண்டோம்? மலட்டாறு என்று பெயர் பெற்ற ஆறு, இத்தனை காலம் மணலைத் தவிர எதையும் ஈனாத ஆறு, பெருக்கெடுத்து அரசூரில் தேசிய நெடுஞ்சாலையையே மூடிற்று. சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே வண்டிகள் வரிசை வரிசையாக நின்றன. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே இரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தொட, தென்னாட்டுக்குச் செல்லும் இரயில்கள் நின்றன. சென்னையிலிருந்து மதுரை போக முடியாதவர்கள் பலர் அன்றுதான் முண்டியம்பாக்கம் என்று ஓர் ஊர் இருப்பதை அறிந்தார்கள். அந்தப் பாலத்துக்கு இருபுறமும் குடியிருப்பவர்களின் செய்தி அவ்வளவு விரைவாகப் பத்திரிகைகளுக்குப் போய்ச் சேரவில்லை.

முன்னறிவிப்பின்றி அணையைத் திறந்துவிட்டார்கள் என்று எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. அதற்கு நீர்வளத் துறை அமைச்சராக இருந்த திரு. துரைமுருகன் அளித்த விடை: ஐந்து முறை எச்சரிக்கை விடுத்தோம்.

ஐந்து முறை! நான் அதைப் பொய் என்று சொல்லமாட்டேன். கோப்பைப் புரட்டினால் ஐந்து தாள்கள் இருக்கும். அணைப் பொறியாளர் எழுதியிருப்பார்; ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்பியிருப்பார்; அங்கிருந்து வட்டாட்சியருக்கு, வட்டாட்சியரிடமிருந்து கிராம நிர்வாக அலுவலருக்கு என்று அது இறங்கியிருக்கும். என் கேள்வி ஒன்றே ஒன்று. கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து, ஓலைக் குடிசையில் ஈரத் தரையில் சாக்கை விரித்துப் படுத்திருந்த கிழவியின் காதுக்கு அது எந்த வழியாகப் போயிற்று? இரண்டு நாட்களாக மின்சாரம் இல்லை. கைப்பேசி உயிரற்றுக் கிடந்தது. உயிரோடிருந்த கைப்பேசிக்குக் கோபுரம் இல்லை. தொலைக்காட்சி இருண்டிருந்தது. நள்ளிரவு தாண்டிய வேளை. எச்சரிக்கை அனுப்பப்பட்ட நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறீர்கள்; அது போய்ச் சேர்ந்த நேரத்தை எந்த ஏட்டில் குறித்தீர்கள்?

இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் ஊரில் தண்டோரா போடுவார்கள். அந்தப் பறையை யார் தோளில் ஏற்றினார்கள், அதில் எத்தனை இழிவு கலந்திருந்தது என்பதை நாம் அறிவோம். 2022 ஆகஸ்டில் தமிழக அரசு அந்த வழக்கத்தை நிறுத்தியது. வரவேற்கத்தக்க முடிவு, நான் இரு கை தட்டி வரவேற்றவன். அதற்கு மாற்றாக, வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் செய்தி சொல்லலாம் என்றார்கள். நல்லது. அந்த ஒலிபெருக்கி அந்த இரவில் எத்தனை ஆற்றங்கரை ஊர்களுக்குள் நுழைந்தது? ஊருக்குள் நுழைந்தது தாழ்ந்த பூமியில் இருக்கும் காலனிக்குள் நுழைந்ததா? தண்ணீர் முதலில் நுழைவது அங்கேதானே!

முடியாத காரியமா இது? வங்கதேசத்தைப் பாருங்கள். 1970 ஆம் ஆண்டுப் புயலில் அங்கே இலட்சக்கணக்கில் மடிந்தார்கள். அதன் பிறகு என்ன செய்தார்கள்? ஊர் ஊராகத் தொண்டர்களைச் சேர்த்தார்கள். கையில் ஒலிபெருக்கி, கொடி, மிதிவண்டி. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, கிழவரைத் தோளில் தூக்கி, மேட்டுக் கட்டடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் வேலை. நம்மைவிடச் செல்வம் மிகுந்த நாடா அது? ஒரிசாவில் 1999 ஆம் ஆண்டுப் புயல் ஏறத்தாழப் பத்தாயிரம் பேரைக் கொன்றது. 2013 இல் ஃபைலின் புயல் வந்தபோது சுமார் பத்து இலட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். சாவு சில பத்துகளோடு நின்றது. அதே கடல்தான், அதே வறுமைதான். கதவைத் தட்ட ஆள் இருந்தது.

தோழர்களே, தேதியைக் கவனித்தீர்களா? டிசம்பர் 1, 2. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர், 2015 இல், இதே டிசம்பர் 1, 2 தேதிகளில்தான் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29 ஆயிரம் கன அடி திறக்கப்பட்டு, அடையாற்றங்கரை மூழ்கியது. அப்போது ஆட்சியில் இருந்தது அ.தி.மு.க.; "வரலாறு காணாத மழை" என்றார்கள். அப்போது எதிர்வரிசையில் இருந்தது தி.மு.க.; "ஏன் முன்னரே சிறிது சிறிதாகத் திறக்கவில்லை? மக்களுக்கு ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார்கள். 2018 இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறை அறிக்கை, அது மனிதரால் விளைந்த பேரிடர் என்றே எழுதிற்று. 2024 இல் நாற்காலிகள் இடம் மாறியிருந்தன. கேட்டவர்கள் விடை சொல்லவேண்டிய இடத்தில். விடை சொன்னவர்கள் கேட்கும் இடத்தில். கேள்வித்தாள் ஒன்றுதான், விடைத்தாளும் ஒன்றுதான். மாணவர்கள் மட்டும் தாளை மாற்றிக்கொண்டார்கள்! செம்பரம்பாக்கமும் சாத்தனூரும் ஒன்றல்ல என்று வாதாடுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: இருக்கட்டும், ஒன்றல்ல. அன்று நீங்கள் கேட்ட கேள்வியை இன்று இருவேல்பட்டுக்காரன் கேட்டால் மட்டும் ஏன் கோபம் வருகிறது?

இன்னொரு சாக்கு, எல்லாவற்றிலும் சுவையானது. திருவண்ணாமலை மாவட்டத்தில் அகரம் பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையே தென்பெண்ணையின் மீது ஒரு பாலம். ஏறத்தாழ 16 கோடி ரூபாய்ச் செலவு. 2024 செப்டம்பர் 2 ஆம் தேதி திறந்தார்கள். டிசம்பர் 2 ஆம் தேதி ஆறு அதை எடுத்துக்கொண்டு போயிற்று. சரியாக மூன்று மாதம்! ஏன் என்று கேட்டபோது சொன்னார்கள்: வினாடிக்குச் சுமார் 54 ஆயிரம் கன அடிக்குத்தான் பாலம் கட்டினோம், வந்ததோ அதைப் போல் பல மடங்கு. ஐயா, மேலே ஓர் அணை இருக்கிறது. 1972 இல் இந்த ஆறு எப்படிப் பெருகியது என்று ஆற்றங்கரைக் கிழவர்கள் இன்றும் கதை சொல்கிறார்கள். அணை எவ்வளவு விடும் என்று அணையைக் கேட்காமல் அணைக்குக் கீழே பாலம் கட்டுவது பொறியியலா, சோதிடமா? அந்தப் பக்கத்தார் மட்டும் என்று எண்ண வேண்டாம். தளவானூரில் 25 கோடி ரூபாயில் முந்தைய ஆட்சி கட்டிய தடுப்பணை, 2020 இல் திறக்கப்பட்டது, 2021 சனவரியில் உடைந்தது. அதே ஆண்டு நவம்பரில் மிச்சமும் உடைந்தது. கட்சிக் கொடி எந்த நிறமாயினும் சிமெண்டின் நிறம் ஒன்றாகவே இருக்கிறது.

உதவித் தொகைக்கு வருவோம். முதலமைச்சர் டிசம்பர் 2 ஆம் நாளே வந்தார். அமைச்சர்கள் பலர் வந்தார்கள். வரவே இல்லை என்று சொன்னால் அது நமக்குப் பெருமை சேர்க்காது. ஆனால் என்ன கொடுத்தார்கள்? விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய். அதற்கு முந்திய ஆண்டு, 2023 டிசம்பரில், மிக்சாங் புயலின்போது சென்னைக்கு 6,000 ரூபாய். கேட்டவுடன் மக்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். உட்காராமல் என்ன செய்வார்கள்? சென்னைத் தண்ணீர் ஈரம், விழுப்புரத்துத் தண்ணீர் உலர்ந்ததா? நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 என்றார்கள். ஏக்கர் கணக்கில் ஏழாயிரத்துக்கும் குறைவு. நாற்று, உரம், நடவுக் கூலி என்று கணக்குப் போடத் தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் சொல்லத் தேவையில்லை. புதுச்சேரியில் குடும்ப அட்டைக்கு 5,000, ஹெக்டேருக்கு 30,000. வானூர் வட்டாரத்தில் ஒரு வரப்பு தமிழ்நாடு, அடுத்த வரப்பு புதுச்சேரி. மழை வரப்பைப் பார்த்தா பெய்தது? வரப்பின் இந்தப் பக்கம் நின்றவன் அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது அவன் நெஞ்சில் என்ன எழுந்திருக்கும்!

இதைக் கேட்டால் மாநில ஆட்சி டில்லியைக் காட்டும். முழுதும் பொய்யல்ல. முதலமைச்சர் உடனடியாக 2,000 கோடி கேட்டு எழுதினார். டில்லி டிசம்பர் 6 இல் 944 கோடியே 80 இலட்சம் விடுவித்தது. அது புயலுக்கென்று இரங்கிக் கொடுத்த கொடை என்று மேடையில் பேசினார்கள். உண்மையில் அது மாநிலப் பேரிடர் நிதிக்கு மத்திய அரசு தரவேண்டிய பங்கு. புயல் வீசாவிட்டாலும் வரவேண்டிய பணம். தேசியப் பேரிடர் நிதியிலிருந்து 522 கோடியே 34 இலட்சம் ஒப்புதல் ஆனது எப்போது தெரியுமா? 2025 ஏப்ரல் 5. டிசம்பரில் நனைந்தவனுக்குப் பங்குனி வெயிலில் குடை! மாநிலம் டில்லியைக் காட்டுகிறது, டில்லி விதியைக் காட்டுகிறது. விரல்கள் நீளுகின்றன, கைகள் நீளவில்லை.

இருவேல்பட்டுக்கு வருகிறேன். டிசம்பர் 3. பார்வையிடச் சென்ற, அப்போது அமைச்சராக இருந்த திரு. பொன்முடி அவர்கள்மீதும் உடன் சென்றவர்கள்மீதும் சேறு வீசப்பட்டது. நாடெங்கும் அந்தப் படம் பரவியது. ஒரு கட்சியினரின் வேலை என்று விளக்கம் வந்தது, வழக்கும் பதிவாயிற்று. நம் தோழர்கள் சிலர் அந்தப் படத்தைப் பார்த்து மகிழ்ந்ததை நான் அறிவேன். மகிழாதீர்கள். சேறு வீசுவது நம் வழியன்று. யார்மீது வீசினாலும் அன்று. ஆனால் ஒன்றைக் கேளுங்கள். வீசிய கை இரண்டே என்று வைத்துக்கொள்வோம். அதைத் தடுக்க அந்த ஊரில் ஒரு கைகூட எழவில்லையே, ஏன்? மூன்று நாள் பட்டினி, முழங்கால் சேறு, குடிக்கத் தண்ணீர் இல்லை. மனு எழுதக் காகிதம் நனைந்துபோயிருந்தது. அந்த மௌனத்தை விசாரிக்க எந்தப் போலீசாராலும் முடியாது.

இவ்வளவு பேசிவிட்டு நம்மைப் பற்றிப் பேசாமல் இறங்கினால், நானும் ஒரு சாக்கு சொல்லியவனாவேன். நாம் என்ன செய்தோம்? நான் உள்ளே போனது நான்காம் நாள். வழி இல்லை, வண்டி இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உப்புமா அண்டாவை முதலில் கொண்டுவந்து இறக்கியவர்கள் எந்தக் கட்சிக்காரர்களும் அல்லர். பெயர் தெரியாத பக்கத்து ஊர் இளைஞர்கள். நாங்கள் போய் இறங்கியபோது ஓர் அம்மா, "நீங்களும் படம் எடுக்கத்தான் வந்தீங்களா?" என்று கேட்டார். அந்த அம்மாவுக்கு அன்று நான் விடை சொல்லவில்லை.

ஆகவே, இந்தப் பருவத்துக்கு என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பேசுவோம். சாத்தனூரிலும் வீடூரிலும் எந்த மணிக்கு எத்தனை கன அடி திறக்கப்படுகிறது என்பதை அந்த மணிக்கே ஊராட்சிப் பலகையில் எழுதவேண்டும் என்று ஆட்சியரிடம் கேட்கிறோம். 2024 டிசம்பரின் அந்த ஐந்து எச்சரிக்கைகளும் எங்கே போயின, எத்தனை மணிக்குப் போயின என்ற ஏட்டைத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கிறோம். கிடைக்கும் வரை கேட்போம். ஏரி இருந்த இடத்தில் எழுந்து, மழைதோறும் மறுபடி ஏரியாகிவிடும் விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தைப் பற்றித் தனியே ஒரு கூட்டம் போடுவோம். அதற்கு இந்த இரவு போதாது.

அவர்கள் செய்தால் மகிழ்ச்சி. செய்யும் வரை நம்மால் இயன்றது ஒன்று உண்டு. ஆற்றங்கரை ஊருக்கும் ஏரிக்கரை ஊருக்கும் நான்கு பேர். ஒரு மிதிவண்டி, ஒரு கைவிளக்கு, மின்கலத்தில் இயங்கும் ஓர் ஒலிபெருக்கி. நடக்க முடியாதவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள் யார் யார், எந்த வீடு என்று ஒரு பட்டியல். அதில் கட்சி பார்க்கக்கூடாது. எதிர்க்கட்சிக்காரன் வீட்டுக் கிழவியின் பெயர் முதலில் இருந்தால் எனக்கு மகிழ்ச்சி. பள்ளிக்கூடச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். போன தடவை பாதி இரவு சாவி தேடுவதில் போயிற்று.

மேடைக்குப் பின்னால் மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். அரசூர், இருவேல்பட்டு, மயிலம், மரக்காணம், வீடூர்ப் பக்கத்துத் தோழர்கள் தங்கள் ஊரையும் பெயரையும் எழுதிவிட்டுச் செல்லுங்கள். விழுப்புரம் செல்லும் கடைசிப் பேருந்துக்கு இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது. அவர்கள் முதலில் எழுதட்டும், உள்ளூர்க்காரர்கள் பொறுங்கள்.